டெங்கு ஆன்டிபாடி கார்டும் கையடக்க ரீடரும் மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழிமுறை

காய்ச்சல் முகாமில் மேசை மேல் கிடக்கும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் கார்டை நாம் "கிட்" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். உண்மையில் அது ஒரு பயோசென்சர், அதாவது ரத்தத்தில் உள்ள ஒரு பொருளைப் பிடித்துக் கண்ணுக்குத் தெரியும் அடையாளமாகக் காட்டும் உணரி. அதன் கோட்டைக் கேமரா வைத்துப் படித்து எண்ணாகக் காட்டும் உள்ளங்கை அளவு ரீடரும் இப்போது பல இடங்களுக்கு வந்துவிட்டது. இந்த இரண்டும் தகராறு செய்யும்போது எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சிறிய லேபிலும் வேலை செய்பவர்களை மனதில் வைத்து எழுதியது.

முதலில் உள்ளே நடப்பது என்ன என்று பார்த்துவிடுவோம். இது தெரிந்தால் பாதிக் கோளாறுகளை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். மாதிரி விடும் குழிக்கு அடியில் ஒரு பஞ்சுத் துண்டு இருக்கிறது. அடுத்து, தங்க நுண்துகள்களை உலர்த்தி வைத்த ஒரு பட்டை. அதற்கப்புறம் நைட்ரோசெல்லுலோஸ் சவ்வு. கடைசியில் நீரை உறிஞ்சி இழுக்கும் தடித்த அட்டை. ஐஜிஎம், ஐஜிஜி இரண்டும் கிருமிக்கு எதிராக உடம்பு உருவாக்கும் ஆன்டிபாடிகள், அதாவது எதிர்ப்புப் புரதங்கள். பெரும்பாலான டெங்கு கார்டுகளில் எம் கோட்டில் மனித ஐஜிஎம்மையும் ஜி கோட்டில் மனித ஐஜிஜியையும் பிடிக்கும் ஆன்டிபாடிகள் பூசப்பட்டிருக்கும். தங்கத்துகளோடு டெங்கு வைரஸின் புரதம் சேர்ந்து ஓடி வரும். ரத்தத்தில் டெங்குவுக்கு எதிரான ஐஜிஎம் இருந்தால், அது எம் கோட்டில் மாட்டிக்கொண்டு அந்தப் புரதத்தையும் தங்கத்தையும் சேர்த்துப் பிடித்து நிறுத்தும். கோடு சிவக்கும்.

மூன்றாவதாக வரும் சி கோடு, கார்டு ஒழுங்காக ஓடியதா என்று காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு. அது சொல்வது இவ்வளவுதான்: நீர் கடைசி வரை ஓடியது, தங்கத்துகள் கெட்டுப்போகவில்லை. நீங்கள் ரத்தம் விட்டீர்களா என்பதுகூடப் பல கார்டுகளின் சி கோட்டுக்குத் தெரியாது. பயிற்சி வகுப்பில் நான் ஒரு கார்டில் வெறும் பஃபரை (மாதிரியை ஓடவைக்கக் கிட்டோடு வரும் கரைசல்) மட்டும் விட்டுக் காட்டுவேன். சி கோடு பளிச்சென்று வரும், மற்ற இரண்டும் வராது. "இது நெகட்டிவ்தானே?" என்று யாராவது சொல்வார்கள். அந்த வகுப்பில் நான் சொல்லித்தர நினைத்தது அந்த நொடியிலேயே புரிந்துவிடும்.

எந்தக் கோளாறு வந்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். கார்டா, கையா, நாளா? கார்டு கெட்டிருக்கிறதா, நம் கை தவறு செய்ததா, அல்லது காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்பதைக் கவனிக்காமல் விட்டோமா? என் அனுபவத்தில் மூன்றாவதுதான் அதிகம். எல்லோரும் சந்தேகப்படுவது முதலாவதை.

சி கோடு வரவே இல்லை

முடிவு செல்லாது. எம் கோடு மட்டும் வந்திருந்தாலும் செல்லாது. "லேசா தெரியுது" என்று எழுதிவிடாதீர்கள்.

முதலில் கையைச் சந்தேகியுங்கள். பஃபர் எத்தனை சொட்டு விட்டீர்கள்? பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து விட்டால் சொட்டு சிறிதாகிவிடும். நேராகத் தலைகீழாகப் பிடித்து, இடையில் குமிழி இல்லாமல் விட வேண்டும். கார்டு சமதளத்தில் இருந்ததா? பள்ளிக்கூட பெஞ்சின் சரிவிலும் மடியிலும் வைத்துச் செய்த கார்டுகளில் நீர் ஒரு ஓரமாகவே ஓடி நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வெப்பமும் ஈரமும். பெரும்பாலான கார்டுகளை 2 முதல் 30 டிகிரி செல்சியசுக்குள் வைக்கச் சொல்லியிருப்பார்கள். மே மாதத்தில் வண்டியின் டிக்கியிலோ மூடிய காருக்குள்ளோ ஒரு மதியம் கிடந்த பெட்டி அந்த எல்லையை எப்போதோ தாண்டியிருக்கும். பாக்கெட்டுக்குள் இருக்கும் சிலிக்கா ஜெல்லைப் பாருங்கள். நிறம் மாறும் வகையாக இருந்து, அது மாறியிருந்தால் உறையில் எங்கோ ஓட்டை இருக்கிறது. அந்தக் கார்டை எறிந்துவிடுங்கள்.

ஃபிரிட்ஜில் வைத்திருந்த கார்டை எடுத்தவுடன் உறையைப் பிரிப்பது இன்னொரு பெரிய தவறு. கடலோர ஊர்களில் இது கண்முன்னே நடக்கும்: குளிர்ந்த சவ்வின் மேல் காற்றின் ஈரம் படியும், சோதனை தொடங்கும் முன்பே பட்டை நனைந்துவிடும். மூடிய உறையோடு அரை மணி நேரம் வெளியே வைத்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு பிரியுங்கள். பிரித்ததும் தாமதிக்காமல் பயன்படுத்துங்கள். "வரிசை நீளமாக இருக்கிறது, பத்து கார்டைப் பிரித்து அடுக்கி வைத்துக்கொள்வோம்" என்று நினைக்கவே கூடாது.

புதுக் கார்டில் மறுபடி செய்தும் சி கோடு வராவிட்டால், அதே லாட்டில் (ஒரே எண்ணில் தயாரான தொகுதியில்) மூன்றாவது கார்டை வீணாக்க வேண்டாம். அந்த லாட் முழுவதையும் தனியே எடுத்து வைத்துவிட்டு வேறு லாட்டுக்குப் போங்கள்.

நீர் பாதி வழியில் நின்றுவிட்டது, அல்லது கோடு தெரியும் சன்னல் முழுக்கச் சிவந்துவிட்டது

இரண்டுமே பெரும்பாலும் ரத்தத்தின் கோளாறுதான். உறைந்துகொண்டிருக்கும் ரத்தத்திலிருந்து எடுத்தால் அதில் உள்ள நார் சவ்வின் நுண்துளைகளை அடைத்துவிடும். சீரமாக (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) இருந்தால் மறுபடி சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். விரல் குத்தும்போது முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டை எடுங்கள். விரலைப் பிழியாதீர்கள். பிழிந்தால் திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துப்போகும், சிவப்பணுக்களும் உடையும். ஸ்பிரிட் காயும் முன் குத்தினாலும் அணுக்கள் உடையும். உடைந்த அணுக்களின் சிவப்புதான் சன்னலில் பரவி நிற்கிறது.

பின்னணிச் சிவப்பு மெல்ல வடிந்து, குறித்த நேரத்துக்குள் வெளுத்துவிட்டால் படிக்கலாம். வெளுக்காவிட்டால் புது மாதிரி, புதுக் கார்டு.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும். "கோடு மங்கலா இருக்கு, இன்னொரு சொட்டு ரத்தம் விடுங்க" என்பார்கள். நான் மேலே சொன்ன வகைக் கார்டில் அது நேர்மாறாக வேலை செய்யும். எம் கோடு பிடிப்பது டெங்கு ஐஜிஎம்மை மட்டும் அல்ல, உடம்பில் உள்ள எல்லா ஐஜிஎம்மையும். ரத்தம் கூடக்கூட, டெங்குவோடு தொடர்பில்லாத ஐஜிஎம்மும் முண்டியடித்து இடம் பிடித்துக்கொள்ளும். பேருந்தில் இருக்கைகள் அவ்வளவுதான், கூட்டம் மட்டும் கூடுகிறது. ஜி கோட்டுக்கும் இதே கதைதான். இணைப்புத்தாள் 10 மைக்ரோலிட்டர் என்றால் 10 மைக்ரோலிட்டர்தான்.

கண்ணுக்குக் கோடு தெரிகிறது, ரீடர் நெகட்டிவ் என்கிறது

ரீடர் பார்ப்பது சவ்வின் வெண்மைக்கும் கோட்டின் சிவப்புக்கும் உள்ள வித்தியாசத்தை. அந்த வித்தியாசம் குறித்த எல்லையைத் தாண்டினால் பாசிட்டிவ். அந்த எல்லை லாட்டுக்கு லாட் மாறும். அதனால்தான் பெட்டியோடு ஒரு கியூஆர் குறியீடோ சிப்போ தருகிறார்கள். பழைய லாட்டின் குறியீட்டை வைத்துக்கொண்டு புதுப் பெட்டியைப் படிப்பதுதான் நான் அதிகம் பார்த்த ரீடர் கோளாறு. திரையில் காட்டும் லாட் எண்ணையும் உறையில் உள்ள எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

அது சரியாக இருந்தால் ரீடரோடு வந்த சோதனை அட்டையைச் செருகுங்கள். தவறினால் கார்டு செருகும் இடத்தில் தூசியோ காய்ந்த பஃபரோ இருக்கும். நூல் உதிராத உலர்ந்த துணியால் மெதுவாகத் துடையுங்கள். கையேடு அனுமதிக்காத வரை ஸ்பிரிட் வேண்டாம், சில பிளாஸ்டிக் லென்சுகள் மங்கிவிடும். மரத்தடி முகாமில் இலைகளுக்கு இடையே வெயில் நேராக ரீடர் மேல் விழுந்தாலும் எண் குதிக்கும். ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து நிழல் செய்து மறுபடி படித்தாலே தெரிந்துவிடும். பேட்டரி கடைசிக் கட்டையில் இருக்கும்போது படிக்க வேண்டாம்.

எல்லாம் சரி, ஆனாலும் கண்ணும் ரீடரும் ஒத்துப்போகவில்லை என்றால்? கோட்டில் நிறம் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிர்ச் சிவப்பாக, முழு அகலத்துக்கும், நேரத்துக்குள் வந்திருந்தால் அது கோடுதான். நிறமே இல்லாமல் சாம்பல் நிழல்போல, சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிவது சவ்வில் பூசிய தடம். அது கோடு அல்ல. சந்தேகம் தீராவிட்டால் இரண்டு முடிவையும் அப்படியே எழுதி, மாதிரியை எலைசாவுக்கு (லேபில் செய்யும் உறுதிப்படுத்தும் ஆன்டிபாடி சோதனை) அனுப்புங்கள். கண்ணுக்கு ஏற்ப எண்ணையோ எண்ணுக்கு ஏற்பக் கண்ணையோ மாற்றி எழுதாதீர்கள்.

நேரம் கழித்துப் பார்த்தால் கோடு வந்திருக்கிறது

படிக்காதீர்கள். 15 அல்லது 20 நிமிடம் என்று எழுதியிருந்தால் அதற்கு அப்புறம் வந்த எதற்கும் பொருள் இல்லை. நீர் ஆவியாகும்போது உறிஞ்சு அட்டையிலிருந்து தங்கத்துகள்கள் பின்னோக்கி வந்து கோட்டில் தங்கும். மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். குப்பையில் போட்ட கார்டை மாலையில் எடுத்துப் பார்த்து, "அந்த அம்மாவுக்கு பாசிட்டிவ் வந்திருக்கே" என்று பதறிய ஒரு இளம் டெக்னீஷியனை எனக்குத் தெரியும். அக்கறையில் செய்ததுதான். கார்டின் மேல் தொடங்கிய நேரத்தையும் படிக்க வேண்டிய நேரத்தையும் மார்க்கரால் எழுதும் பழக்கம் இருந்தால் அந்தப் பதற்றமே வந்திருக்காது.

வருகிற எல்லோருக்கும் பாசிட்டிவ்

எந்தக் கோடு என்று முதலில் பாருங்கள். ஜி கோடு மட்டும் என்றால் அது கோளாறே இல்லாமல் இருக்கலாம். டெங்கு ஆண்டுதோறும் வந்துபோகும் ஊரில் பெரியவர்கள் பலருக்குப் பழைய ஐஜிஜி இருக்கும். சில கார்டுகள் இரண்டாம் தொற்றில் எகிறும் உயர்ந்த ஐஜிஜிக்கு மட்டுமே கோடு காட்டும்படி செய்யப்பட்டவை. சில கார்டுகள் கொஞ்சம் இருந்தாலும் காட்டிவிடும். ஆகவே போன வருடக் கார்டின் பழக்கத்தை இந்த வருடக் கார்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

எம் கோடு எல்லோருக்கும் வந்தால் பஃபர் பாட்டிலை எடுத்துப் பாருங்கள். அந்தப் பெட்டியில் வந்ததா? ஒரு முகாமில் காலையிலிருந்து வரிசையாகப் பாசிட்டிவ் வந்தபோது, கடைசியில் அகப்பட்டது வேறொரு சோதனைக்கான பஃபர். பாட்டில் தீர்ந்துபோனதால் கைக்குக் கிடைத்ததை எடுத்திருக்கிறார்கள். பஃபரின் உப்பும் காரத்தன்மையும் மாறினால் தங்கத்துகள் கண்ட இடத்தில் ஒட்டும். கோவிட் காலத்தில் ஆன்டிஜென் கார்டில் பழச்சாறு விட்டால் பாசிட்டிவ் வந்ததும் இந்தக் காரணத்தால்தான். தண்ணீரோ சலைனோ அதற்கு மாற்று இல்லை.

பஃபர் சரியென்றால், நன்றாகத் தெரிந்த ஒரு நெகட்டிவ் சீரத்தை விட்டுப் பாருங்கள். அதிலும் கோடு வந்தால் லாட் கோளாறு. புது லாட் வந்த அன்றே தெரிந்த பாசிட்டிவ் ஒன்று, தெரிந்த நெகட்டிவ் ஒன்று ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2020 ஏப்ரலில் கோவிட் ஆன்டிபாடி ரேபிட் கிட்டுகள் மாநிலங்களுக்கு வந்தன. ஏற்கெனவே பிசிஆரில் (வைரசின் மரபணுவைத் தேடும் சோதனை) உறுதியான நோயாளிகளிடம் வைத்துப் பார்த்த ராஜஸ்தான், கிட் அவர்களைக் கண்டுபிடிக்கவில்லை என்று குரல் கொடுத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் முதலில் இரண்டு நாள் நிறுத்தி வைக்கச் சொன்னது, ஏப்ரல் 27 அன்று குறிப்பிட்ட கிட்டுகளைத் திருப்பி அனுப்பச் சொன்னது. தமிழ்நாடும் தன்னிடம் இருந்தவற்றைத் திருப்பியது. தெரிந்த மாதிரியை வைத்துப் பார்த்ததால் வெளிவந்த உண்மை அது. அதைச் செய்ய ஒரு பெரிய லேப் தேவையில்லை.

பார்த்தால் டெங்கு மாதிரியே இருக்கிறது, கார்டு நெகட்டிவ்

இதைத்தான் பொறுமையாகப் படிக்கச் சொல்வேன். கார்டு நன்றாக இருக்கும், கை நன்றாக இருக்கும், ஆனால் முடிவு ஒரு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

ஆன்டிபாடி என்பது வைரஸ் அல்ல, வைரசுக்கு உடம்பு சொல்லும் பதில். பதில் வர நாளாகும். முதல்முறை டெங்கு வருபவர்களில் காய்ச்சலின் 3 முதல் 5 நாளுக்குள் பாதிப் பேருக்குத்தான் ஐஜிஎம் தென்படும். 5ஆம் நாளில் 80 சதவீதம், 10ஆம் நாளில் ஏறக்குறைய எல்லோருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டியில் உள்ள கணக்கு. அப்படியென்றால் 2ஆம் நாள் வந்தவருக்கு ஐஜிஎம் நெகட்டிவ் என்பது எதையும் சொல்லவில்லை. முதல் 5 நாட்களில் தேட வேண்டியது வைரசின் சொந்தப் புரதமான என்எஸ்1ஐ. இரண்டும் சேர்ந்த கார்டு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் நாள் எண்ணைச் சீட்டில் எழுதி, சில நாள் கழித்து மறுபடி எடுங்கள்.

"காய்ச்சல் எப்போ ஆரம்பிச்சது?" என்று கேட்டால் பலரும் "ரெண்டு நாளா" என்பார்கள். அதை அப்படியே நம்பாமல், "ஞாயிற்றுக்கிழமை எப்படி இருந்தீங்க? ராத்திரி தூங்கினீங்களா?" என்று கிழமை வைத்துக் கேளுங்கள். இரண்டு நாள் பல சமயம் நான்கு நாளாகும். இந்த ஒரு கேள்விக்கு ஈடான ரீடரை நான் பார்த்ததில்லை.

இரண்டாம் முறை தொற்று வந்தவர்களின் கதை வேறு. டெங்குவில் 4 வகை வைரஸ்கள் உண்டு. ஒருமுறை ஒரு வகை வந்தவருக்கு வேறு வகை வரும்போது, பழைய நினைவில் ஐஜிஜி சில நாட்களிலேயே மளமளவென்று ஏறும். ஐஜிஎம் கொஞ்சமாகவே வரும், சிலருக்குத் தென்படாமலே போகும். கடுமையான டெங்கு ஆகும் வாய்ப்பு அதிகமாக இருப்பது இவர்களுக்குத்தான். எம் கோடு இல்லை என்று கார்டை ஓரம் வைக்கும் முன் ஜி கோட்டைப் பாருங்கள்.

கைக்குழந்தையிடம் ஜி கோடு வந்தால் அது தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடியாக இருக்கலாம். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்களிடம் கோடு தாமதமாகலாம், வராமலும் போகலாம்.

இங்கே கார்டைக் கீழே வைத்துவிட்டு ஆளைப் பார்க்க வேண்டும். விடாத வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அசதி, குழந்தை சோர்ந்து கிடப்பது, கை கால் சில்லிடுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் கார்டு என்ன சொன்னாலும் உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள். டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. "காய்ச்சல் விட்டுடுச்சு, கார்டும் நெகட்டிவ்" என்று நிம்மதியாகப் போகிறவரை நிறுத்திப் பேசுங்கள். நெகட்டிவ் வந்தவரிடமும் ஆஸ்பிரினோ ஐபுப்ரோஃபெனோ எடுக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

கார்டு பாசிட்டிவ், எலைசா நெகட்டிவ்

டெங்கு, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், ஜிகா, வெஸ்ட் நைல் எல்லாம் ஒரே ஃபிளேவிவைரஸ் குடும்பம். முகச்சாயல் ஒத்திருப்பதால் ஒன்றுக்கு உருவான ஆன்டிபாடி இன்னொன்றின் புரதத்தையும் பிடித்துக்கொள்ளும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசியோ, ஆப்பிரிக்கப் பயணத்துக்காக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியோ போட்டாரா என்று கேளுங்கள். ரத்தத்தில் முடக்குவாதக் காரணி (சொந்த உடம்பின் ஆன்டிபாடிகளையே பிடிக்கும் ஒரு ஆன்டிபாடி) இருப்பவர்களிடம் பொய்யான எம் கோடு வரலாம். அப்புறம், ஐஜிஎம் இரண்டு மூன்று மாதம்கூட ரத்தத்தில் தங்கும். ஐப்பசியில் வந்த டெங்குவின் கோடு மார்கழியில் வேறொரு காய்ச்சலின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எலிக்காய்ச்சலும் டைபாய்டும் அந்த நேரத்தில் தப்பிவிடக் கூடாது.

அரசுக் கணக்கில் டெங்கு என்று உறுதி செய்ய எலைசாதான் வேண்டும். கண்காணிப்பு மருத்துவமனைகளுக்கான ஐஜிஎம் எலைசா கிட்டுகள் புனே தேசிய வைராலஜி நிறுவனத்திலிருந்து வருகின்றன.

கோடு இல்லாத வகை: எண் நிலையாக நிற்கவில்லை

குளுக்கோமீட்டர்போலப் பட்டையைச் செருகி மின்னோட்டத்தை அளக்கும் ஆன்டிபாடி சென்சார்கள் ஆராய்ச்சிக் கூடங்களில் பெருகி வருகின்றன. 1962இல் லேலண்ட் கிளார்க் முன்வைத்த நொதி மின்முனைதான் இவற்றின் முன்னோடி. இங்கே மின்முனையின் மேல் வைரஸ் புரதம் பூசியிருக்கும், ஆன்டிபாடி வந்து ஒட்டினால் மின்சமிக்ஞை மாறும்.

எண் ஆடினால் முதலில் சொட்டுக்கு அடியில் காற்றுக்குமிழி இருக்கிறதா பாருங்கள். மூன்று மின்முனைகளையும் ஒரே சொட்டு மூட வேண்டும். பட்டையின் செருகும் முனையை விரலால் தொட்டிருந்தால் எண்ணெய்ப் பசை தொடர்பைக் கெடுக்கும். எண் ஒரே திசையில் மெல்ல நகர்ந்துகொண்டே போனால் சொட்டு காய்கிறது, அல்லது வெள்ளி-வெள்ளிக் குளோரைடு ஒப்பு மின்முனை நிலைகொள்ளவில்லை. மூடி வைத்துச் சில நிமிடம் காத்திருந்து அளவிடுங்கள். எல்லா மாதிரிக்கும் உயர்ந்த எண் வந்தால், காலியிடங்களை அடைக்கும் புரதப் பூச்சு போதவில்லை, கண்ட புரதமும் ஒட்டுகிறது. கழுவும் பஃபரில் சிறிது ட்வீன் 20 (சோப்புபோல வேலை செய்யும் பொருள்) சேர்ந்திருக்கிறதா என்று சரிபாருங்கள்.

நிப்பா சந்தேகம் என்றால்

இந்த வழிமுறையை அங்கேயே நிறுத்துங்கள். 2018இல் கோழிக்கோட்டில் நோயாளியிடமிருந்து மருத்துவமனையில் இருந்தவர்களுக்கும் பராமரித்தவர்களுக்கும் நிப்பா பரவியதை மறக்கக் கூடாது. கார்டைப் பிரிக்காதீர்கள், விரலைக் குத்தாதீர்கள், மாதிரியைச் சுற்றாதீர்கள். நோயாளியைத் தனியே அமர்த்தி மாவட்டக் கண்காணிப்பு அலுவலருக்குச் சொல்லுங்கள். மாதிரி எடுப்பதும் மூன்றடுக்கில் கட்டி அனுப்புவதும் பயிற்சி பெற்றவர்களின் வேலை. முதல் நாட்களில் வைரசைத் தேடும் பிசிஆர்தான் பேசும். எபோலாவுக்கும் அப்படியே. இந்த நோய்களில் ஆன்டிபாடி சென்சார் அதிகம் பயன்படுவது பிழைத்தவர்களையும், தெரியாமல் தொற்று வந்து போனவர்களையும் கண்டறியத்தான்.

லாட்டைத் திருப்பி அனுப்பும்போது

"கிட் சரியில்லை" என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் பதில் வராது. லாட் எண், காலாவதி நாள், பெட்டி வந்த நாள், வைத்திருந்த இடத்தின் அதிகபட்ச வெப்பம், எத்தனை கார்டில் எத்தனை தவறியது, தெரிந்த பாசிட்டிவும் நெகட்டிவும் என்ன காட்டின, ஒவ்வொரு நோயாளிக்கும் காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்று எழுதுங்கள். நேரத்துக்குள் எடுத்த புகைப்படத்தைச் சேருங்கள். பிரிக்காத 5 கார்டுகளையாவது அதே பெட்டியில் எடுத்து வையுங்கள், சோதிக்கக் கேட்பார்கள். அந்த லாட்டில் முடிவு வாங்கிப் போனவர்களின் பட்டியலை எடுத்து, நெகட்டிவ் வந்தவர்களுக்கு அன்று மாலையே போன் செய்யுங்கள்.